வசவு விழாத காலை

ஜீப்பு ஓட்டும் வெள்ளைத்துரை நேற்றைய மழையில் குரங்கணி மலைக்குப் போனவன், விடிந்தும் திரும்பவில்லை. வாசலில் அவனுக்காகக் காத்திருந்துவிட்டு, அவன் மனைவி அன்னக்கொடி நேரங்கழித்தே ஏலக்காய்க் கிட்டங்கிக்குள் நுழைகிறாள். வசவுக்குப் பெயர்போன மேஸ்திரி, "மெதுவா வா, ஆத்தா" என்கிறார். காய் தரம்பிரிக்கும் பெண்களின் பேச்சு நிற்கிறது. சன்னலோர வெளிச்சத்துக்காகத் தினமும் அவளோடு மல்லுக்கு நிற்கும் குருவம்மாள் தானாகவே நகர்ந்து இடம் விடுகிறாள். ஒருத்தி தண்ணீர்ச் செம்பை நீட்டுகிறாள். எல்லாக் கண்களும் முறத்தில் இருக்கின்றன. உலர்ந்த காய்களின் சரசரப்பு மட்டும் கேட்கிறது.

"மலையிலேர்ந்து ஜீப்பு ஏதும் எறங்குச்சா, மதினி?"

"சாப்பிட்டியா தாயி?" என்கிறாள் குருவம்மாள், நிமிராமல்.

அன்னக்கொடியின் கை செம்பின் மேல் நிற்கிறது. பிறகு காயை அள்ளி முறத்தில் போட்டுக்கொள்கிறாள். இன்னொரு முறை கேட்டால் சொல்லிவிடுவார்கள்.