கடைவாய்ப்பல் எழுத்து

“வாயை நல்லாத் திறங்க. நாக்கோட ஓரம் மேல் கடைவாய்ப்பல்லுல படணும். படுதா?”

“படுது. ஆனா தாடை வலிக்குது.”

“வலிக்கட்டும். இப்ப சொல்லுங்க.”

பல் டாக்டர் இல்லை. போனில் குர்ஆன் வகுப்பு. சத்தம் குறுக்கிடும் என்று மின்விசிறியை நிறுத்திவிட்டு, போனைத் தலையணையில் சாய்த்து வைத்து, வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருந்தார் அவர்.

சொன்னார். வழக்கம்போல் வழுக்கியது. ஒவ்வொரு தொழுகையிலும் ஓதும் அல்ஹம்து சூராவின் கடைசிச் சொல்லில் இருக்கிறது ‘ளாத்’ என்ற அந்த எழுத்து. தமிழில் அதைச் சரியாக எழுதவும் முடியாது. லகரமும் இல்லை, ளகரமும் இல்லை, தகரமும் இல்லை. இவர் வாயில் அது வெறும் ‘லா’ ஆகிவிடும்.

மற்றவர்கள் என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். இவர் பள்ளிவாசல் இமாம். தாடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து அந்த ‘லா’வோடுதான் எல்லோருக்கும் முன்னால் நின்று தொழவைத்துவருகிறார்.

போன மாதம் பள்ளிவாசல் செயலாளர் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். “ஹஜ்ரத், நீங்க ஓதுறதுல தப்பு இருக்குன்னு ஒருத்தர் கமிட்டியில சொல்லிட்டார். யாருன்னு மட்டும் கேக்காதீங்க. அடுத்த மாசம் முதல் வெள்ளிக்கிழமை எல்லாரும் கவனிச்சுக் கேக்கப்போறோம். சரியா வரலைன்னா வேற ஆளப் பாக்க வேண்டியதுதான்.”

வேலை போனால் வீடும் போகும். வீடு பள்ளிவாசலுடையது. அந்த வெள்ளிக்கிழமை இதோ, நாளைக்கு.

செயலாளர் வந்துபோன அந்த வாரமே இமாமின் போனுக்கு ஒரு தகவல் வந்தது. குர்ஆன் உச்சரிப்பு வகுப்பு, கட்டணம் இல்லை, முகம் காட்ட வேண்டியதில்லை. “அல்லாஹ்வாப் பாத்து அனுப்பியிருக்கான், பேசாம சேருங்க” என்றாள் மனைவி.

இமாம் என்று சொல்லிச் சேர வெட்கம். தையல்காரர் என்று சொல்லிவைத்தார். தன் சட்டைப் பொத்தானைத் தானே தைத்துக்கொள்வதால் அது முழுப் பொய் இல்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டார். ஒருநாள் விட்டு ஒருநாள் வகுப்பு. அந்தப் பக்கம் இருப்பது ஒரு வாலிபக் குரல் என்பதற்கு மேல் அவருக்கு எதுவும் தெரியாது.

நடக்கும்போதும் குளிக்கும்போதும் நாக்கை மடக்கி மடக்கிப் பழகினார். பல்வலி என்று நினைத்துத் தெருமுனை மருந்துக்கடைக்காரர் கூப்பிட்டு மாத்திரை கொடுத்தார். “உங்க வாயில மிச்சம் இருக்கிறதே நாலு கடைவாய்ப்பல். அதையாவது ஒழுங்கா வேலை வாங்குங்க” என்றாள் மனைவி. அவளுக்குப் பயம் வந்தால் கிண்டல்தான் வரும்.

“டெய்லர் பாய், இன்னைக்கு ஏன் தொண்டை இப்படிக் கம்மிக்கிடக்கு? நேத்து கணீர்னு இருந்துச்சே.”

“தூக்கம் இல்ல தம்பி.” அது உண்மை. விடியுமுன் எழுந்து தொழவைத்து, பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து, ஒரு ஜனாஸாவையும் அடக்கம் செய்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். “நாளைக்குக் கடையில எனக்கு ஒரு சோதனை. என் தையல் சரியில்லன்னு ஒரு கஸ்டமர் முதலாளிகிட்ட சொல்லிட்டார்.”

லைன் போய்விட்டதோ என்று போனைத் தட்டிப் பார்த்தார்.

“அவர் மேல கோவமா, பாய்?”

“கோவப்படத் தெம்பு வேணுமே. அவர் சொன்னதும் நெஜம்தான். என்கிட்டயே வந்து சொல்லியிருக்கலாம். அதான் மனசு கெடந்து அடிச்சுக்குது.”

“உங்க முகத்தப் பாத்துச் சொல்ல வாய் வந்திருக்காது, பாய். சரி, விடுங்க. கடைசியா ஒரு தடவ ஓதுங்க.”

அவருக்கு அலுத்துப்போயிருந்தது. நாளை மறுநாள் வண்டியில் ஏறப்போகும் பாத்திரங்கள், வாடகை வீடு தேடித் தெருத்தெருவாக அலையப்போகும் மனைவி, எல்லாம் கண்முன் வந்து நின்றன. போனால் போகட்டும் என்று கண்ணை மூடினார். வகுப்பு என்பதையே மறந்து, தொழவைப்பதுபோல் முதலிலிருந்து ஓத ஆரம்பித்தார்.

கடைசிச் சொல் வந்தது. நாக்கின் ஓரம் தானாகப் போய்க் கடைவாய்ப்பல்லில் ஒட்டியது. எழுத்து கனமாக, முழுசாக வந்து விழுந்தது.

அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவி குழாயை மூடிவிட்டு எட்டிப் பார்த்தாள்.

“ஆமீன்” என்றது போன்.

இமாம் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்தது வியர்வையை மட்டும் இல்லை. “சரியா வந்துச்சா தம்பி?”

“வந்துச்சு. நாளைக்கும் இப்படியே ஓதிடுங்க, ஹஜ்ரத். குறை சொன்னவன் உங்க பின்னாடிதான் நிப்பேன்.”