பச்சைக் கோடு

போனோடு கால் பட்ட தெரு மட்டும் பச்சையாகும், மற்றதெல்லாம் வெள்ளையாகவே கிடக்கும். ஜனங்கள் ஆசையாக ஊரைச் சுற்றிப் பார்க்கட்டும் என்றுதான் போன் வரைபடத்தை அப்படி வடிவமைத்தார்கள். இப்போது பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்தோடு அதையும் கேட்கிறார்கள். மாப்பிள்ளையின் வரைபடத்தை யாரும் கேட்பதில்லை.

நிறைமதியின் வரைபடத்தில் வீட்டிலிருந்து கல்லூரி வரை ஒரே ஒரு பச்சைக் கோடு. மாப்பிள்ளையின் அப்பா அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "அடக்கமான பொண்ணு" என்றார். கேசரி வந்தது.

கிளம்பும்போது அவரே கேட்டார்: "மெயின் ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்காங்க. பைபாஸுக்கு வேற வழி இருக்கா?"

"மாவு மில்லுக்குப் பின்னால ஒரு சந்து இருக்கு. வாய்க்கால் பாலத்தைத் தாண்டுனா பைபாஸ்தான்" என்று நிறைமதி சட்டென்று சொல்லிவிட்டாள்.

மேஜைமேல் கிடந்த அவள் போனில் அந்தப் பக்கம் முழுக்க வெள்ளை. அவளுடைய அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா பூ வைத்துவிடும் சாக்கில் எழுந்து வந்து, நிறைமதியின் காதோடு கேட்டார்.

"வெளிய போறப்ப போனை எங்க வச்சுட்டுப் போவ?"

நிறைமதி நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நான் அரிசி டப்பாவுல வைப்பேன்" என்றார் அவர்.