தனிக்குரல் தளபதி

குத்தாலம் பேருந்து நிலையத்தில் பரிதிக்கு இருபதடி பேனர் வைத்திருந்தார்கள். 'தனிக்குரல் தளபதி' என்ற பட்டம் அவனே எழுதிக் கொடுத்தது. முதல் ஆல்பத்தின் எல்லாப் பாடல்களையும் அவன் ஒருவனே பாடியிருந்தான். பின்னணிக் குரலைக்கூட வேறு யாருக்கும் தரவில்லை.

ஆல்பம் வெளியான மறுநாள் டீக்கடை அண்ணாதுரை அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அசத்திட்டீங்க தம்பி. அதுலயும் கூடப் பாடுது பாருங்க ஒரு பொண்ணு, அடடா!"

"பொண்ணெல்லாம் யாரும் இல்லைண்ணே. நான் மட்டுந்தான்."

"சும்மா சொல்லாதீங்க."

நடவு வயலில் செல்போனில் பாட்டுக் கேட்ட பெண்களும் அதையே சொன்னார்கள். இணையத்தில் வந்த விமர்சனம் அந்தப் பெண்ணுக்கு மூன்று பத்தியும் பரிதிக்கு அரை வரியும் ஒதுக்கியிருந்தது. அவன் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டான். அவனுக்கு அவன் குரல் மட்டுமே கேட்டது.

"யாருடா அந்தப் பொண்ணு? எங்கிட்ட சொல்லமாட்டியா?" என்றாள் அம்மா மலர்க்கொடி.

"ஐயோ, நீயுமாம்மா?" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

பாராட்டு விழா கல்யாண மண்டபத்தில் நடந்தது. வர்த்தகர் சங்கத் தலைவர் வீரையன் பரிதிக்குப் பொன்னாடை போர்த்திவிட்டு, இன்னொன்றைப் பிரித்தார்.

"அது யாருக்குங்க?" பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான் பரிதி.

"கூடப் பாடினவங்களுக்குத்தான். கொஞ்சம் தள்ளி நில்லுங்க தம்பி."

யாருமே இல்லாத இடத்தில் வீரையன் அதைப் போர்த்தினார். பொன்னாடை கீழே விழவில்லை. தோள் உயரத்தில் நின்று, கைதட்டலுக்கு லேசாகக் குனிந்து நிமிர்ந்தது.

பரிதி அதையே எரிச்சலோடு பார்த்துக்கொண்டிருந்தான். தன்னுடையதைவிட அதில் சரிகை அகலமாக இருந்தது.