பட்டியலில் இல்லாத இடம்

முட்டத்துப் பாறைகளையும் கலங்கரை விளக்கத்தையும் காட்டிவிட்டுக் கடலோரச் சாலையில் திரும்பும்போது, டிரைவர் அந்தோணிமிக்கேல் அந்த மேட்டு வளைவில் காரை நிறுத்தினார். நான்கு வருடமாக யாரைக் கூட்டி வந்தாலும் இங்கே நிறுத்தாமல் அவர் போனதில்லை.

“இங்க என்னங்க பாக்கோணும்?” என்றார், கோயம்புத்தூரிலிருந்து தனியாக வந்திருந்த சாரதாமணி டீச்சர்.

“கடல் நல்லா தெரியும்மா.”

மிக்கேல் கடலைப் பார்க்கவில்லை. கீழே, பாறைகளுக்குப் பக்கத்தில் ஒரு நீல வீடு. அவர் பேச்சை மீறிக் கல்யாணம் செய்துகொண்ட மகள் ஷைனி அங்கேதான் இருந்தாள். இனி என் முகத்தில் முழிக்காதே என்று சொன்னவர் அவர்தான். கொடியில் காயும் துணிகளைப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார். சில மாதங்களாகக் கையகலச் சட்டைகளும் அங்கே காய்ந்தன.

டீச்சருக்குத் தாகம். மிக்கேல் தடுப்பதற்குள், காலி பாட்டிலோடு அந்த வீட்டை நோக்கி இறங்கிவிட்டார். அவர் திரும்பும்வரை மிக்கேல் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

“நல்ல பொண்ணுங்க. தண்ணி குடுத்துட்டு, ‘ஒங்க டிரைவர் இன்னைக்கும் கீழ வரமாட்டாரா?’ன்னு கேட்டுச்சு. உங்களத் தெரியுமுங்களா?”

மிக்கேல் கீழே எட்டிப் பார்த்தார். ஷைனி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று மேலே பார்த்தாள். கையசைக்கவில்லை. உள்ளே போகவும் இல்லை.

“எம்மா, ஒரு பத்து நிமிசம் இங்க இருப்பியளா?” என்று கேட்டபடி மிக்கேல் கதவைத் திறந்தார்.