மூன்று ஜன்னல், ஒரு மாப்பிள்ளை

தபால் ஆபீசின் மூன்று ஜன்னல்களிலும் மங்கல் கண்ணாடி. கை நுழைய மட்டும் ஓட்டை. விநாயகம் தன் மகள் சந்திரமதிக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை சேதுபதி அங்கேதான் கிராணி, அதாவது குமாஸ்தா. காஜா பேராங் ஊரிலிருந்து வந்த விநாயகம் விசாரிக்கக் குனிந்தார்.

“சேதுபதி எப்படிப்பட்ட ஆளு?”

“தங்கமான பையன்,” என்றது ஸ்டாம்ப் ஜன்னல்.

“ரொம்பப் பொறுப்பானவர்,” என்றது மணியார்டர் ஜன்னல், மூச்சு வாங்க.

“அவரைக் கட்டிக்கக் கொடுத்து வச்சிருக்கணும்,” என்று இருமியது பார்சல் ஜன்னல்.

விநாயகம் பெஞ்சில் இருந்த மகளிடம் வந்தார். “மூணு பேரும் ஒரே மாதிரி சொல்றாங்கம்மா!”

சந்திரமதி கதவில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினாள். “மத்த ரெண்டு பேரும் மெர்டேக்கா சுதந்திர தின அணிவகுப்பு ஒத்திகைக்குப் போயிட்டாங்களாம்ப்பா. உள்ள இருக்கிறது அவர் மட்டுந்தான்.”

“அட பித்தலாட்டக்காரா! கிளம்பும்மா!”

“இருங்கப்பா. மூணு பேர் வேலைய ஓடி ஓடிப் பாக்குறவரு, வீட்டுல சமையலும் பாப்பாரு. தேதி குறிங்க.”