இரண்டாவது பாட்டில்

கதவு கிறீச்சிட்டதும் யோவானிஸ் குளியலறைத் திரைக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டான். வீட்டுக்காரி உபால்டினாவின் தங்கச் சங்கிலி அவன் சட்டைப்பையில் கிடந்தது. சன்னலில் இரும்புக் கம்பி. வெளியேற அந்த ஒரு கதவுதான், அதில் அவளே வாளியோடு நின்றாள்.

சனிக்கிழமை வந்தால் பாரன்கியா ஊரே வீடு கழுவும் என்பது இந்த மடையனுக்கு மறந்தே போயிருந்தது.

"சீ, என்ன அழுக்கு! இன்னைக்கு உன்னை விடப்போறதில்ல."

தனியாகப் பேசுகிறாளே, வயசாகிவிட்டது போலும் என்று நினைத்தான்.

"முதல்ல பிளீச்சிங்." தரையில் சளசளவென்று கொட்டியது. வாடை மூக்கைத் துளைத்தது.

"அடுத்து ஆசிட்."

அவன் மூக்கைப் பொத்திக்கொண்டான். போன வருஷம் அவன் அக்கா இந்த இரண்டையும் கலந்துதான் கக்கூஸ் கழுவினாள். நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இன்றைக்கும் அவளால் பத்துப் படி ஏற முடியாது.

திரை இடுக்கில் எட்டிப் பார்த்தான். அவள் கையில் பழைய கோலா பாட்டில். தள்ளுவண்டிக்காரன் ஊற்றித் தரும் பிளீச்சிங், ஆசிட், மண்ணெண்ணெய், குடிக்கிற தண்ணீர் எல்லாமே அந்தத் தெருவில் கோலா பாட்டிலில்தான் இருக்கும். எதில் எது என்று வீட்டுக்காரிக்குத்தான் தெரியும்.

கடகடவென்று ஊற்றினாள். "அரை மணி நேரம் ஊறட்டும். புகை வெளியே வந்தா என் கிளி செத்துப்போகும்."

கதவைச் சாத்தினாள். வெளித்தாழ்ப்பாள் விழுந்தது.

யோவானிஸ் பாய்ந்துபோய்க் கதவை இடித்தான். கண் எரிந்தது, தொண்டை அடைத்தது. "அம்மா! திறங்கம்மா! செத்துடுவேன்!"

"யாருடா அது?"

"திருடன்மா! புண்ணியமாப் போகும், திறங்க!"

"என்னத்தை எடுத்தே?"

"சங்கிலிம்மா!"

"கதவுக்கு அடியில தள்ளு."

தள்ளினான். கதவு திறந்தது. தவழ்ந்து வந்து வாய் நிறையக் காற்றைக் குடித்தான். நிமிர்ந்தால், கத்தல் கேட்டுப் பாதித் தெரு துடைப்பத்தோடு நின்றது.

"ரெண்டையும் கலக்கக் கூடாதும்மா... நுரையீரல் வெந்துபோகும்..." என்று அழுதான்.

உபால்டினா சங்கிலியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். அந்த இரண்டாவது பாட்டிலைத் தூக்கி, மிச்சமிருந்ததை மடக் மடக்கென்று குடித்தாள்.

"திரை குட்டைடா மகனே, உள்ளே வந்ததுமே உன் பூட்ஸைப் பார்த்துட்டேன்."