மலை மில்லில் ஒரு விசாரணை

“ஷோதியைப் பத்தி என்ன தெரியணும் தம்பி? கேளுங்க. எனக்குத் தெரியாம இந்த ஊர்ல ஒரு ஆடுகூடக் குட்டி போடாது” என்றார் அரைவையைப் பார்த்துக்கொண்டிருந்த வெள்ளைத் தாடிக்காரர்.

ஸெரவ்ஷான் மலையில் தண்ணீரில் ஓடும் அந்தப் பழைய மாவு மில்லில், கல் சுற்றுகிற இரைச்சலுக்கு மேல் கத்தித்தான் பேச வேண்டும். கூரையில் தொங்கிய ஒட்டடைவரை மாவு படிந்திருந்தது.

ஹிக்மத் கீழ் ஊரிலிருந்து கழுதையில் கொண்டுவந்த கோதுமை ஒரு சாக்குத்தான். ஒரே மகள் ஸெபோவை இந்த ஊர் ஷோதிக்குப் பெண் கேட்டு ஆள் வந்திருந்தது. பையனை அவர் கண்ணால் பார்த்ததில்லை. ஏதாவது உதவாக்கரையிடம் பெண்ணைத் தள்ளிவிடுவோமோ என்ற பயத்தில் சரியான தூக்கமில்லை. ஊர் வம்பெல்லாம் அரைபடுகிற இடம் மில்தானே என்று இங்கே வந்துவிட்டார்.

“குடிப்பானா பெரியவரே?”

“டீ குடிப்பான்.”

“கோபக்காரனோ?”

“அவனா? கொசு கடிச்சா கொசுகிட்ட மன்னிப்புக் கேப்பான்.”

“சுத்த சோம்பேறின்னு கேள்விப்பட்டேன். மூஞ்சிகூட கழுதை மாதிரி இருக்குமாமே.”

பெரியவருக்குச் சுருக்கென்றது. “எந்தப் பய சொன்னான்? அவனை மாதிரி அழகன் இந்த மலையிலேயே கிடையாது. உங்க பொண்ணு குடுத்து வச்சவ தம்பி.”

ஹிக்மத் தன் நரைத்த தாடியைத் தடவிக்கொண்டார். அரைத்து முடிந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினார். “இந்த மூட்டையைக் கழுதை மேல ஏத்த யாராவது வந்தாத் தேவல.”

“இதுக்குப் போய் ஆள் எதுக்கு?” பெரியவர் மூட்டையை ஒரே தூக்கில் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய், கழுதை முதுகில் இறக்கினார். கழுதைக்குத்தான் மூச்சு வாங்கியது.

“மலைக் காத்து, வேறொண்ணுமில்ல” என்று சொல்லிப் பெரியவர் இருமினார்.

ஹிக்மத் பையிலிருந்து ரொட்டியை எடுத்தார். அந்தப் பக்கத்தில் பெண்ணைப் பெற்றவன் சம்மதம் சொல்லி ரொட்டியைப் பிட்டுவிட்டால் கல்யாணம் நிச்சயம். அப்புறம் ராஜாவே வந்தாலும் பேச்சு மாறக் கூடாது.

“பெரிய மனுசர் நீங்களே சொன்னப்புறம் நான் வேற யாரைக் கேக்கப்போறேன்? ஸெபோ ஷோதிக்குத்தான்” என்று சொல்லி, ரொட்டியைப் பிட்டு ஒரு பாதியை நீட்டினார்.

பெரியவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். சந்தோஷத்தில் பெரியவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. “நல்ல முடிவு தம்பி. நீங்க நிம்மதியாப் போங்க, ஷோதிகிட்ட நானே சொல்லிடறேன்.”

ஹிக்மத் கழுதையை அவிழ்த்தார். “வாய்க்கால்ல மூஞ்சியைக் கழுவிட்டுக் கிளம்புங்க, ஸெபோகிட்டயும் நீங்களே வந்து சொல்லிடலாம். என் தாடி மாவு மில்லுல நரைச்சதில்ல, மாப்பிள்ளை.”